ஆடியில் திறந்த கடை

கீழ்பென்னாத்தூர்,
12.2.1982

தம்பி தசரதனுக்கு உன் அக்கா பாஞ்சாலை எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மார்கழிக் குளிரில் முட்டி வலி வந்தது, தையோடு போய்விட்டது. நீயும் சந்திரகலாவும் பிள்ளைகளும் சுகந்தானே? நாக்பூரில் குளிர் விட்டதா?

பின்பக்கத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், ரயில் டிக்கெட் அனுப்பட்டுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறாய். நானும் மூன்றாவது தடவையாக வரவில்லை என்றுதான் எழுதுகிறேன். இந்தத் தடவை காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அப்போதாவது நான்காவது தடவை கேட்காமல் இருப்பாய்.

நான் திருவண்ணாமலையில் ஒரு வாடகை நூல் நிலையம் வைக்கப் போகிறேன். சிரிக்காதே. உன் மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய அண்ணன் வீட்டில் எனக்குச் சோற்றுக்கோ துணிக்கோ குறை இல்லை. ஓர்ப்படி காசியம்மாளுக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் மனசு நல்லது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என் வேலை என்ன என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அவள் சொல்வதுதான் என் வேலை. நாற்பத்தேழு வயதில் ஒரு மனுஷி இப்படி இருக்கக்கூடாது.

என்னிடம் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய பைண்டு இருக்கிறது. அப்பா கணக்கெழுதின மண்டி முதலாளி வீட்டில் படித்துப் போட்ட வாரப் பத்திரிகைகளை வாங்கி வந்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வாரம் தப்பாமல் அடுக்கிப் பைண்டு போட்டு வைப்பேனே, நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்குப் பிறகு உன் மாமா வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் எனக்குக் குறை வைத்ததே இல்லை. எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பது கதை. பெட்டிக்குள் கிடந்து பாச்சை தின்பதற்கு நாலு பேர் படிக்கட்டும்.

அன்றைக்கு வேலூர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு அட்டை வந்திருந்தால் நான் இப்போது டீச்சர். எட்டாவது பாஸ் செய்துவிட்டு விண்ணப்பம் போட்டு, ஒரு மாதம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. நமக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது என்று கழுத்தை நீட்டினேன். அது போகட்டும். கடை வைக்க யாருடைய அட்டையும் வரவேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
உன் அக்கா,
பாஞ்சாலை

நாக்பூர்,
3.3.1982

அக்காவுக்கு தசரதன் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் இருமல். உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சந்திரகலாவும் படித்தாள். அவள் சிரித்துக்கொண்டே "அண்ணி செய்யட்டுமே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவுக்கு ஒரு சினிமாக் கொட்டகை வந்துவிட்ட காலத்தில் முப்பது வருஷத்துப் பழைய கதையை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? டவுனில் தனியாக ஒரு அறையில் இருப்பாய். காய்ச்சல் என்று படுத்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஊர்க்காரர்கள் உன்னைக் கேட்கமாட்டார்கள், என்னைத்தான் கேட்பார்கள். தம்பி தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகிறான், அக்கா கடை வைத்துப் பிழைக்கிறாள் என்பார்கள்.

அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. உனக்குப் பதின்மூன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டவள் நீ. இனி நான் உனக்குப் போடவேண்டிய முறை. இதில் கௌரவம் பார்க்காதே. வந்துவிடு. படிக்கத்தான் வேண்டுமென்றால் இங்கே தமிழ்ச் சங்கத்தில் புத்தகம் இருக்கிறது.

காசியம்மாள் அத்தை வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
தசரதன்

பேகோபுரத் தெரு,
திருவண்ணாமலை,
25.3.1982

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். சின்னவளுக்கு இருமல் நின்றதா? துளசியும் மிளகும் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

மேலே விலாசத்தைப் பார்த்தாயா? வந்துவிட்டேன். முன்னால் கடை, பின்னால் ஒரு அறை, கிணறு பொது. கதவைத் திறந்தால் மலை தெரிகிறது. பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது காசியம்மாள் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி, "ஏண்டி பாஞ்சாலை, பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இன்னாத்துக்குடி உனக்குப் புதுசா ஒரு பொழப்பு?" என்றாள். பேரன் பேத்தி இருந்தால் இன்னொரு மாதிரி யோசித்திருப்பேன், இல்லாததால் இப்படி யோசிக்கிறேன் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனாலும் வண்டி கிளம்பும்போது ஒரு படி அவலைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

கதைகளை வகை பிரித்துக்கொண்டிருக்கிறேன். துப்பறிகிற கதைக்கு ஒரு தட்டு, ராஜா ராணிக் கதைக்கு ஒன்று, காதலுக்கு இரண்டு. கடைசியில் எந்தத் தட்டிலும் சேராமல் ஒரு இருபது கதை மிஞ்சியது. ஐம்பது வயதில் ஓட்டல் வைக்கிற விதவை, ரிட்டையரான பிறகு பிரிந்துபோன மனைவியைத் தேடிப் போகிற போஸ்ட் மாஸ்டர், ஜெயிலிலிருந்து வந்து தறி ஓட்டக் கற்றுக்கொள்கிறவன், இருபது வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிற ஒரு பெண். எல்லாம் நேரம் கடந்து ஆரம்பித்தவர்கள் கதை. அந்தந்த வயதில் எந்தக் கதை பிடித்ததோ அதைத்தான் சேர்த்தேன் என்று நினைத்திருந்தேன். பதினாறு வயதிலேயே எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. அந்தத் தட்டுக்கு ‘இனிமேல்’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். கடைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

முறை, கௌரவம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் பயிற்சிப் பள்ளி அட்டையைப் பற்றி எழுதினதற்கு நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. பழசைக் கிளறவேண்டாம் என்று விட்டிருப்பாய். நானும் விட்டுவிடுகிறேன்.

அக்கா,
பாஞ்சாலை

நாக்பூர்,
14.4.1982

அக்காவுக்குப் புது வருஷ வணக்கம். இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது. மற்றபடி சுகம். சின்னவள் இருமல் உன் கஷாயத்தில்தான் நின்றது என்று சந்திரகலா சொல்லச் சொன்னாள்.

நீ குடியே போய்விட்ட பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது? சின்ன வயதிலும் உன் பிடிவாதத்துக்கு முன்னால் அப்பாவே நின்றதில்லை. சரி, பெயர்ப் பலகையாவது நான் எழுதித் தருகிறேன். தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பெயிண்ட் பிரஷ்ஷோடுதானே இருக்கிறேன். நீல அடி, வெள்ளை எழுத்து போதுமா? ரயில் பார்சலில் அனுப்பிவிடுவேன்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் திற. லீவு போட்டுவிட்டு எல்லோரும் வருகிறோம். பலகையை நானே ஏணி வைத்து மாட்டவேண்டும் என்று ஆசை. தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

ஒழுங்காகச் சாப்பிடு.
தசரதன்

திருவண்ணாமலை,
8.5.1982

தம்பிக்கு. நான் நலம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். பாஸா?

பலகை நீலமாகவே இருக்கட்டும். ‘இனிமேல் வாடகை நூல் நிலையம்’ என்று எழுது. உரிமையாளர் பெயர் போடும் இடத்தில் என் பெயரை மட்டும் போடு. இன்னார் மனைவி, இன்னார் அக்கா என்றெல்லாம் வேண்டாம்.

பழைய பைண்டுகள் பலவற்றில் அட்டை கிழிந்து நூல் தொங்குகிறது. தேரடித் தெருவில் இராமலிங்கம் என்று ஒரு பைண்டர் இருக்கிறார். பத்துப் பத்தாகக் கொடுத்துப் புது அட்டை போடுகிறேன். அந்தக் காலத்து பைண்டர்கள் அட்டை விறைப்பாக நிற்க வேண்டும் என்று கையில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் உள்ளே வைத்துப் பசை தடவி ஒட்டிவிடுவார்களாம். கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கத் தாள், பள்ளிக்கூட மார்க் சீட்டு என்று ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஒரு குப்பைத் தொட்டியே இருக்கிறது என்று காட்டிச் சிரித்தார்.

ஊருக்குத் திரும்புகிற பெண் கதையைப் பற்றி எழுதினேனே, நான் பைண்டு போட்ட முதல் கதை அதுதான். போன செவ்வாய்க்கிழமை அதன் முன் அட்டையைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. இராமலிங்கம் அதை என்னிடம் நீட்டி, "இது உங்க பேருக்கு வந்ததாட்டம் கீதே, பாருங்க" என்றார். வாங்கி வந்து, ஈரத் துணி போட்டுப் பசையை எடுத்து, நிழலில் காய வைத்திருக்கிறேன். எழுத்து நன்றாகவே தெரிகிறது.

அந்த முதல் பைண்டை அப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை பைண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அப்பாவோடு மாட்டு வண்டியில் நீதானே போனாய்?

திறப்பு நாளை மாற்றிவிட்டேன். ஆவணி இல்லை. ஜூலை 23, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. ஆடி மாசம் என்று தெரியும். ஆடியில் யாரும் ஒன்றும் ஆரம்பிக்க மாட்டார்கள் என்றும் தெரியும். எனக்கு அந்த நாள்தான் வேண்டும்.

பாஞ்சாலை

திருவண்ணாமலை,
12.6.1982

தம்பிக்கு அக்கா எழுதுவது. நலமா? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் இந்தப் பக்கம் வருகிறார். எனக்கு ஒன்றும் தருவதில்லை. பழக்கப்பட்ட விஷயந்தான்.

தட்டுகளுக்கு மரம் வந்து ஆசாரி வேலையை முடித்துவிட்டார். கடையை இன்னும் திறக்கவில்லை, அதற்குள் மத்தியானத்தில் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிர் வீட்டுத் தங்கம்மாள் பூக்கட்டுகிறவள். படிக்கத் தெரியாது. வந்து அட்டைப் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா எழுதிருக்குன்னு கொஞ்சம் சொல்லேன்க்கா" என்றாள். ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினேன். மறுநாள் பூக்கூடையோடு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் பூக்கட்ட, நான் படிக்க, ஒரு வாரத்தில் பாதிக் கதை முடிந்தது. முந்தாநாள் தங்கம்மாள் அவள் பெயரை எழுதிக் காட்டச் சொன்னாள். சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கிற ஒரு வெள்ளைக்காரம்மாவும் வந்தாள். அறுபது வயது இருக்கும். தமிழ் எழுத்துப் புத்தகம் கேட்டாள். ‘இனிமேல்’ தட்டில் அதையும் ஒன்று வாங்கி வைக்கவேண்டும்.

தேதியை மாற்றச் சொல்லி இங்கே எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நீ ஒருவன்தான் சொல்லவில்லை. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை தசரதா. திறப்பு நாள் மாறாது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

பாஞ்சாலை

நாக்பூர்,
26.6.1982

அண்ணிக்கு சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகள் இருவரும் பாஸ்.

நான் தனியாக எழுதுவது அவருக்குத் தெரியாது. மே மாசத்தில் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சரியில்லை அண்ணி. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போகிறார். கடிதத்தை நான் கேட்டால் தருவதில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். உங்கள் பலகையை எழுதி முடித்து வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். எழுத்தெல்லாம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் பார்சல் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "எங்க அக்கா தேதியை ஆடிக்கு மாத்திடுச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஆடியில் கடை திறப்பதுதான் அவருக்கு மனக்கஷ்டமோ என்று நினைக்கிறேன். என் அம்மாவும் ஆடி வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதம் தள்ளினால் என்ன? உங்களுக்குள் வேறு ஏதாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவர் உங்களை எவ்வளவு பெரிதாக நினைக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

பணிவுடன்,
சந்திரகலா

திருவண்ணாமலை,
3.7.1982

சந்திரகலாவுக்கு அண்ணியின் அன்பும் ஆசியும். பிள்ளைகள் பாஸ் என்றது சந்தோஷம். நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ கவலைப்படாதே.

அவனை ஒன்றும் கேட்காதே. அவனே எழுதுவான். சின்ன வயதில் பானையை உடைத்துவிட்டால் முன்வாசல் வழியாக வரமாட்டான். தோட்டத்துப் பக்கமாகச் சுற்றி வந்து, விறகு அடுக்கின இடத்தில் உட்கார்ந்திருப்பான். நான் கூப்பிட்டால் வரமாட்டான், கூப்பிடாமல் இருந்தால் இருட்டுவதற்குள் தானாக வந்துவிடுவான். இப்போதும் நான் கூப்பிடப் போவதில்லை.

தேதி ஆடியிலேயே இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் மேல் வருத்தம் வேண்டாம் என்று எழுது. பலகையை மட்டும் நீ யாரையாவது பிடித்துப் பார்சலில் போட்டுவிடு. அவன் வருவானோ மாட்டானோ, பலகை வரவேண்டும்.

அன்புடன்,
பாஞ்சாலை

நாக்பூர்,
10.7.1982

அக்கா,

பலகையை நேற்று நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்ப் போட்டேன். ரசீது இதனுடன் இருக்கிறது. சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 23, காலை பத்து மணி. அந்தத் தேதியைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பயிற்சிப் பள்ளி அட்டையில் உன்னை வரச் சொல்லியிருந்த தேதி அது. வருஷம் மட்டும் 1951.

அந்த அட்டை வந்தது அக்கா. நேரத்துக்கே வந்தது. இன்னும் எட்டு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபால்காரர் என்னிடம் கொடுத்தார். அக்காவுக்கு நல்ல சேதி என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் ரோட்டிலேயே நின்று படித்தேன். தலைமையாசிரியை கையால் எழுதியிருந்தார்கள். கடைசி வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ‘குறித்த நாளில் வரத் தவறினால் மறு வாய்ப்பு அளிக்கப்படமாட்டாது.’ பதினொரு வயதில் அந்த வரிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. ஒரு தடவை மறைத்தால் போதும், அப்புறம் அவர்கள் கூப்பிடவே மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நீ வேலூருக்குப் போனால் இரண்டு வருஷம் ஹாஸ்டலில் இருப்பாய் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. நீயும் போய்விட்டால் எனக்கு யார் சோறு போடுவார்கள், யார் பக்கத்தில் படுத்துக்கொள்வேன் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

அட்டையை நாலு நாள் புத்தகப் பையில் வைத்திருந்தேன். நீ தினமும் தபால் வரும் நேரத்துக்கு வெளியே வந்து நின்றாய். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று கிட்டே வந்தேன். நீ என்னைப் பார்த்து, பசிக்குதா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்த் தட்டு வைத்தாய். சொல்லவில்லை. மறுநாள் அப்பாவோடு திருவண்ணாமலை போனேன். நீ கட்டிக் கொடுத்த கதைக் கட்டை பைண்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, மேஜைக்குக் கீழே இருந்த கழிவுக் காகிதக் கூடையில் அந்த அட்டையைப் போட்டேன். தொலைந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது உன் பெட்டியிலேயே, உன் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது.

உனக்குக் கல்யாணம் ஆனதும் சொல்ல நினைத்தேன், இனிமேல் சொல்லி என்ன என்று விட்டேன். எனக்கு வேலை கிடைத்தபோது நினைத்தேன். மாமா இறந்தபோது வந்தேனே, அப்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் காலம் கடந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்து நினைத்தே முப்பத்தொரு வருஷம் கடந்துவிட்டது.

இங்கே வந்துவிடு என்று நான் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும். எனக்குப் போட்ட சோற்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் சரி. 23ஆம் தேதி வருவதற்கு எனக்கு முகம் இல்லை.

தசரதன்

திருவண்ணாமலை,
23.7.1982, சாயங்காலம்

தசரதனுக்கு பாஞ்சாலை எழுதுவது. நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா? சாப்பிடு. பட்டினி கிடந்து என்னைச் சமாதானப்படுத்த முடியாது.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு வாரம் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. இன்றைக்கு முடியட்டும் என்று இருந்தேன்.

முதலில் கடையைச் சொல்கிறேன். பலகை பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆசாரி மாட்டினார். இன்றைக்குப் பத்தரைக்கு ராகு காலம் வருகிறதே என்று இராமலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். சரியாகப் பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் திறந்தேன். ஆடியாகையால் கூட்டம் இல்லை. தங்கம்மாளும் அவளுடைய மூன்று பேரும், வெள்ளைக்காரம்மா, பைண்டர், அவ்வளவுதான். பத்தே காலுக்குக் காசியம்மாள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். "ஆடியில எவளாவது கடை தொறப்பாளாடி?" என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் தட்டுகளை எல்லாம் பார்த்தாள். பிறகு கீழே காலை நீட்டி உட்கார்ந்து, "ரெண்டு மணிக்குத்தான் பஸ்ஸு. ஒரு கதை படி, கேக்கறேன்" என்றாள். ஊருக்குத் திரும்புகிற பெண் கதையைப் படித்தேன். இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் போனாள். தங்கம்மாள் உறுப்பினர் நோட்டில் தன் பெயரைத் தானே எழுதினாள். ‘ங்’ மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. நாளைக்குச் சரி செய்துவிடுவேன். நாளையிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு.

இனி உன் விஷயம். எனக்குக் கோபம் இருக்கிறது தசரதா. இல்லை என்று எழுதினால் அது பொய். அட்டை கையில் கிடைத்த அன்றைக்கு அழுதேன், பிறகு உன் குழந்தைப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அப்பா என்னை வேலூருக்கு அனுப்பியிருப்பாரா என்று இப்போது யாருக்குத் தெரியும்? அனுப்பாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி உன்னை விட்டுவிட மாட்டேன். அனுப்பமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். தோற்றிருந்தாலும் அது நான் போட்ட சண்டையாக இருந்திருக்கும். அதைக்கூட எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாய். நான் முப்பத்தொரு வருஷம் என்னைத் தகுதி இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம், வேலை போனது இல்லை.

அம்மா இல்லாத பதினொரு வயதுப் பையன் பயந்துபோய்ச் செய்ததை மன்னித்தாகிவிட்டது. அவனுக்குத் தட்டு வைத்தவள் நான். அவன் பசி எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்த ஆளை இன்னும் மன்னிக்கவில்லை. அவன் நேரில் வந்து நிற்கவேண்டும்.

நாக்பூருக்கு நான் வரமாட்டேன். அந்த அறையைப் பிள்ளைகள் படிக்க விட்டுவிடு. எனக்குச் சோறு போட்டுக் கழிக்கிற கணக்கு நமக்குள் வேண்டாம்.

முகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கிற முகத்தோடு வா. இதனுடன் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தபால்காரர் உன் கையில்தான் கொடுப்பார். ரோட்டில் நின்று படிக்காதே, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சந்திரகலாவிடம் படித்துக் காட்டு.

உன் அக்கா,
பாஞ்சாலை

(உடன் வைத்த அட்டை)

இனிமேல் வாடகை நூல் நிலையம்
பேகோபுரத் தெரு, திருவண்ணாமலை

உறுப்பினர் எண் 1: திரு. தசரதன், நாக்பூர்.

தாங்கள் வரும் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு, குடும்பத்துடன் மேற்கண்ட விலாசத்துக்கு நேரில் வரவேண்டியது.

குறித்த நாளில் வரத் தவறினால் மறு வாய்ப்பு அளிக்கப்படும்.

(ஒப்பம்) பாஞ்சாலை,
ஆசிரியை